பிட்சரின் பெரிய நாளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்கு பேஸ்பால் ஸ்கோர் அட்டை சட்டென்று பிடிபடாது. பிட்சர் (பேட்டருக்குப் பந்து எறிபவர்) எப்போது நன்றாக எறிந்தார், எப்போது அசாத்தியமாக எறிந்தார் என்று பிரித்துப் பார்ப்பது இன்னும் கஷ்டம். அதைப் பழக நான் திரும்பத் திரும்பப் போவது ஒரே ஆட்டத்துக்குத்தான்.

1998 மே 6, சிகாகோ ரிக்லி ஃபீல்ட். கப்ஸ் அணியின் கெர்ரி வுட்டுக்கு வயது 20; அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் அவர் முதல் பந்திலிருந்து எறியத் தொடங்கிய ஐந்தாவது ஆட்டம். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை 2-0 என்று வென்றார்கள். வுட் எடுத்த ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக் எறிந்து பேட்டரை வெளியேற்றுவது) 20. இன்னிங்ஸுக்கு மூன்று என்று ஒன்பது இன்னிங்ஸில் ஒரு அணியை முடிக்கத் தேவையான அவுட்டே 27தான்!

பெரும்பாலோர் செய்யும் தவறு, ஸ்கோர் அட்டையின் ஹிட் கட்டத்தில் (பேட்டர் அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் ஏறினால் ஒரு ஹிட்) பூஜ்யம் இருக்கிறதா என்று மட்டும் தேடுவது. வுட் ஒரு ஹிட் கொடுத்தார், ஆகவே அது நோ-ஹிட்டர், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம், இல்லை. ஆனால் அந்த ஹிட் எப்படி வந்தது? மூன்றாவது இன்னிங்ஸில் ஆஸ்ட்ரோஸின் ரிக்கி குட்டியெரஸ் அடித்த பந்து தரையோடு மூன்றாம் பேஸ் பக்கம் ஓடியது. அங்கே நின்ற கப்ஸ் ஃபீல்டர் கெவின் ஓரி எட்டிப் பிடிக்கப் பார்த்தார். கையுறையில் பட்டு நழுவிவிட்டது. ஸ்கோரர் அதை ஃபீல்டரின் பிழை என்று எழுதியிருந்தால் ஹிட் பூஜ்யம். வுட் எறிந்தது என்னவோ அதே பந்துதான். இன்னொரு பக்கம், 2010 ஜூன் 25 அன்று அரிசோனாவின் எட்வின் ஜாக்சன் நோ-ஹிட்டரே எறிந்தார். அதற்கு 149 பந்துகள் ஆயின, 8 வாக் (நான்கு தவறான பந்து எறிந்து பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுத்தார். அந்த விடாமுயற்சி எனக்குப் பிடிக்கும். ஆனாலும் வாக் ஒன்றுகூடக் கொடுக்காமல் 122 பந்துகளில் முடித்த வுட்டின் நாளை அதற்குக் கீழே வைக்க மனம் வராது.

வெற்றிக் கணக்கை வைத்தும் முடிவு கட்டக்கூடாது. 1959 மே 26 அன்று பிட்ஸ்பர்க்கின் ஹார்வி ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸ் ஏற விடவில்லை. அவருடைய அணி ஒரு ரன்கூட எடுக்காததால் 13-வது இன்னிங்ஸில் தோற்றார்.

அப்புறம், வேகம் மட்டுமே போதும் என்ற நினைப்பு. வுட்டிடம் வேகம் இருந்தது உண்மைதான். ஆனால் அன்று ஆளைக் கவிழ்த்தது வளைந்த பந்து. வலக்கை பேட்டரின் உடம்பை நோக்கிக் கிளம்பும். அவர் ஒதுங்குவதற்குள் பேட்டரின் முன்னால் தரையில் இருக்கும் ஹோம் பிளேட்டைக் குறுக்காகக் கடந்து வெளிப்பக்கம் போய்விடும். ஆஸ்ட்ரோஸின் ஜெஃப் பேக்வெல் மூன்று முறை ஸ்டிரைக் அவுட் ஆனார். எதிரணி சோப்ளாங்கி என்று சொல்லவும் வழியில்லை: ஆஸ்ட்ரோஸ் அந்த ஆண்டு 102 ஆட்டங்கள் வென்ற அணி.

"அந்த ஒரு ஆட்டம்தான் கையைக் கெடுத்தது" என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். 1999 முழுக்க முழங்கை அறுவைச் சிகிச்சையால் வுட் ஆடவில்லை, சரி. ஆனால் அதற்கு முன் 1998 சீசனில் இன்னும் எத்தனையோ ஆட்டங்களில் எறிந்திருக்கிறார். பழியை ஒரு மதியத்தின் தலையில் போடுவது நியாயமில்லை. திரும்பி வந்து 2003-இல் 266 ஸ்டிரைக் அவுட்டோடு, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் முதலிடம் பிடித்தவரும் அவரே. 2012 மே மாதம், அதே ரிக்லி ஃபீல்டில், கடைசியாக எதிர்கொண்ட பேட்டரையும் மூன்றே பந்தில் ஸ்டிரைக் அவுட் செய்துவிட்டுத்தான் விடைபெற்றார்.