தொழுகை வக்து (நேரம்) தவறாமல் ராமேஸ்வரத்தில் மூன்று நாள்: முதல்முறை கிளம்பும் குடும்பத்துக்கு

காரைக்குடியில் இருந்துகொண்டு குழந்தைகளுக்குக் கடல் காட்டுவது பெரிய காரியமில்லை. தேவகோட்டையைத் தாண்டி ஓட்டினால் தொண்டியிலேயே கடல் வந்துவிடும். ஆனால் இரண்டு இரவு தங்கி, தொழுகை விடாமல், சாப்பாட்டில் சந்தேகமில்லாமல், வயசான நன்னியையும் (பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிப் போய் வர வேண்டுமென்றால் கொஞ்சம் திட்டம் வேண்டும்.

எங்கள் முதல் பயணத்தில் ஒரே நாளுக்கு ஆறு இடம் எழுதிக்கொண்டு போனோம். லுஹர் எனும் மதியத் தொழுகை நேரத்தில் ஒளு செய்ய, அதாவது தொழுமுன் கை, முகம், கால் கழுவ, இடம் தேடி அலைந்தோம். நன்னி வேனுக்குள் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். "தொழுகைதான் போச்சு, கடலையாவது பார்த்தீங்களா?" என்று அவர் கேட்டது இன்னும் மனசில் இருக்கிறது. அடுத்த முறை திட்டத்தையே மாற்றினோம். இடங்களை எழுதவில்லை. ஐந்து வக்தையும் ஒரு தாளில் எழுதி, நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒவ்வொரு இடமாக வைத்தோம். பயணம் தானாகவே நிதானமாகிவிட்டது. கீழே இருப்பது அந்த முறைதான்.

முதலில் தேதி

ராமேஸ்வரத்துக்கு அறை தேடும் முன் நாட்காட்டியில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களில் யாத்திரைக் கூட்டம் அலைமோதும். அறை கிடைப்பதே அரிது. காலாண்டு விடுமுறையை ஒட்டித்தான் பெரும்பாலும் மகாளய அமாவாசை வரும், கவனம்.

கோடை விடுமுறையில் இன்னொரு சங்கதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை ஏறிவிடும். மீனை நம்பிப் போகிறவர்களுக்கு இது முக்கியம். என்னைக் கேட்டால் ஜனவரிதான் நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் கடுக்காது. தை அமாவாசையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

அறை

போனில் கேட்க வேண்டியவை: கட்டடத்தில் பார் இருக்கிறதா? லிப்ட் உண்டா, இல்லையென்றால் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? பகலெல்லாம் குழாயில் தண்ணீர் வருமா? முதல் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒருமுறை வேறொரு ஊரில் கேட்காமல் விட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு லாட்ஜ் தேடினோம்.

அறை ஊருக்குள்ளேயே இருக்கட்டும். பெண்கள் தொழ எல்லாப் பள்ளிவாசலிலும் இடம் இருக்காது. அவர்களுக்கு உங்கள் அறைதான் பள்ளி. லுஹருக்குள் திரும்பி வர முடிகிற தூரத்தில் இருந்தால் போதும். உள்ளே நுழைந்ததும் கிப்லாவை, தொழும்போது நோக்கும் மக்காவின் திசையை, பார்த்துவிடுங்கள். நம் பக்கம் அது நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து சற்று வடக்கே. எந்தச் சுவரை நோக்கி, எந்த மூலைப்பக்கம் என்று முதலிலேயே எல்லோருக்கும் காட்டிவிட்டால், பஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகைக்கு எழும்போது குழப்பம் வராது. நன்னிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி வையுங்கள்.

சாப்பாடு

கோயிலைச் சுற்றி சைவ ஹோட்டல்கள்தான் அதிகம். இட்லி, பொங்கல், மதியச் சாப்பாடு என்று பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அசைவத்துக்கு மீன் கடை. மீனுக்கு ஹலால் அறுப்பு தேவையில்லை என்பதால் கவலையில்லை என்று நினைப்போம். ஆனால் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது: "அதே எண்ணெயில் கோழியும் பொரிக்கிறீங்களா? கோழி எங்கே வாங்குறீங்க?" தன்மையாகக் கேட்டால் தன்மையாகவே பதில் வரும். தயங்கினால் தோசைக்கல்லில் மீன் வறுத்துத் தரச் சொல்லுங்கள். வாழை இலைத்துண்டில் வைத்த விளைமீன், ஓரம் முறுகி, மேலே கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் சின்னவன் எலும்பை மட்டும் மிச்சம் வைத்தான்.

ஷாஃபி மத்ஹபுக்காரர்களுக்கு (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பிரிவு) கணவாய் ஆகும், நண்டில் இரண்டு கருத்து உண்டு. ஹனஃபி குடும்பத்தில் நண்டு ஆகாது. இறாலில் கருத்து வேறுபாடு உண்டு. சம்பந்தி வீட்டாரையும் கூட்டிப் போகிறீர்கள் என்றால் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு வீட்டிலிருந்தே போகட்டும்: புளிச்சோறு, அவித்த முட்டை. கொறிக்க சீப்பு சீடை, மணகோலம். மூன்று நாளுக்கும் தாங்கும்.

தொழுகை

காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம் வழியாக 130 கிலோமீட்டர் சொச்சம். பயணிக்குரிய தூரம் கூடிவிடுவதால் லுஹர், அஸர் (மாலை), இஷா (இரவு) தொழுகைகளை நான்கு ரக்அத்துக்கு (தொழுகையின் ஒரு சுற்று) பதில் இரண்டாகச் சுருக்கிக் கஸ்ராகத் தொழலாம். ஷாஃபியில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் (அந்தி) இஷாவையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு; ஹனஃபியில் அந்தந்த வக்தில்தான். கிளம்பும் முன் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞர்) ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மூன்று நாள்

முதல் நாள் பஜ்ர் தொழுததும் புறப்படுங்கள். பாம்பன் பாலத்தில் குழந்தைகளைத் தூங்கவிடாதீர்கள். பக்கத்தில் தெரியும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறும். பழையது 1914இல் கட்டியது. அறைக்குப் போய்ச் சாப்பிட்டு, லுஹர் தொழுது, தூங்குங்கள். உண்மையாகவே தூங்குங்கள், அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள். அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் தெருவில் கலாம் ஐயாவின் வீட்டைப் பார்க்கலாம். படகு வைத்திருந்த ஒரு இமாமின் பிள்ளை வளர்ந்த வீடு என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. பஜ்ர் முடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன் அரிச்சல்முனை போய்விடலாம், சுமார் 20 கிலோமீட்டர். அங்கே நிழல் கிடையாது. மாலையில் அதிக நேரம் இருக்கவும் விடமாட்டார்கள். காலைதான் சரி. தண்ணீர் கேன், குடை, நன்னிக்கு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். பாக் நீரிணைப் பக்கம் அமைதி, மன்னார் வளைகுடாப் பக்கம் அலை. முனையில் நீரோட்டம் இழுக்கும், முழங்கால் அளவுக்குக்கூடக் குழந்தைகளை இறக்க வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ரயில் நிலையமும் தேவாலயமும் இடிந்தபடி நிற்கின்றன. அங்கே நின்று இறந்தவர்களை நினைத்துப் பாருங்கள். லுஹருக்கு அறை. அதற்கு மேல் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அக்னி தீர்த்தக் கரையில் குளியலுக்கு இறங்காதீர்கள். அது யாத்திரை வந்தவர்கள் நீராடும் இடம், அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

குளியலை மூன்றாம் நாளுக்கு, திரும்பும் வழியில் உச்சிப்புளி பக்கம் இருக்கும் அரியமானுக்கு வையுங்கள். பெண் கடல், ஆழம் குறைவு, சவுக்குத்தோப்பு நிழல். பெண்கள் நனைய அடர்நிறப் பருத்திச் சுடிதார் நல்லது. புர்கா நனைந்தால் கனத்து இழுக்கும். நன்னி அன்று சவுக்கு நிழலில் உட்கார்ந்து, கணுக்கால்வரை அலை வந்து தொடட்டும் என்று காலை நீட்டினார். அலை வந்தது. "சில்லுனு இருக்கு" என்றார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மணலை நன்றாக உதறி, கால் கழுவ ஒரு கேன் நல்ல தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்தில் பள்ளிவாசல்கள் நிறைய உண்டு. லுஹரை அங்கே தொழுதுவிட்டு வண்டியை எடுக்கலாம். நம் ஊர் எல்லைக்குள் நுழைந்துவிட்டால் கஸ்ரு கிடையாது. இஷாவை வீட்டில் நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும்.