குழந்தை எடை ஏறவில்லையா? தட்டை மட்டும் பார்க்காதீர்கள்

"நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்புதான் தேற மாட்டேங்குது." அங்கன்வாடியில் எடை போடும் நாளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. உடனே டானிக், சத்து பவுடர் என்று கிளம்பிவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான். அடிக்கடி பேதியாகும் குழந்தைக்குப் பசி மந்தமாகும், சாப்பிட்டதும் ஒட்டாது. பேதியே இல்லாவிட்டாலும், அசுத்தத்தின் வழியாகக் கிருமிகள் ஓயாமல் உள்ளே போனால் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் மெல்லிய இழைகள் மழுங்கிப்போகும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்டோரில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இதில் உண்டு.

அடுத்து, "பல் முளைக்குது, அதான் போகுது" என்று விட்டுவிடுவது. பல் முளைக்கும் வயதில்தான் பிள்ளை தவழ்ந்து, கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. கோழி மேயும் முற்றமென்றால் எச்சமும் சேர்ந்தே போகும். தொக்கம் எடுக்க, குடல் தட்ட என்று நாட்டு வைத்தியத்துக்கு அலைந்து ஒரு நாளைக் கடத்துவது ஆபத்து.

பேதியின்போது பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கலக்குவதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அரசு சுகாதார நிலையத்தில் தரும் பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கானது. அதில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஏறி, குழந்தைக்குக் கெடுதலாகிவிடும். பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் 1 லிட்டரில் கலந்து, 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்ற இனிப்புப் பானங்கள் வேறு. அவற்றில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025-ல்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீர்தானே என்ற நிம்மதியும் வேண்டாம். குடத்துக்குள் விரல் படும்படி டம்ளரை விட்டு மொண்டால் சுத்திகரித்ததெல்லாம் வீண். குழாய் வைத்த பாத்திரமோ நீளக் காம்புள்ள கரண்டியோ போதும். 6 மாதம்வரை தண்ணீரே வேண்டாம், பிறந்த பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்கும் சேனையும் வேண்டாம். பால் புகட்ட வேண்டி வந்தால் புட்டியைவிடப் பாட்டி காலத்துப் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) எவ்வளவோ மேல்: மூலை முடுக்கில்லை, தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட்டால் வேலை முடிந்தது. காலையில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சியை மதியம்வரை வைத்து ஊட்டாதீர்கள்.

"கைப்பிள்ளை மலம்தானே" என்று சாக்கடையில் வீசுவது இன்னொன்று. அதிலும் கிருமி உண்டு. கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம், ஊட்டப்போகும் முன் வெறும் தண்ணீரில் நனைப்பதோடு சரி.

இத்தனையும் வீட்டுக்குள் செய்வது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் கழிப்பறை, குளோரின், கைகழுவ வசதி என வீடுவீடாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், அவற்றால் மட்டும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. சுற்றுப்புறம் மாறாமல் வீடு மட்டும் மாறினால் போதவில்லை என்பதே பல ஆய்வாளர்களின் கணிப்பு. ஆகவே முழுப் பழியையும் தாய்மார் தலையில் கட்டுவதும் தவறுதான். உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். கிராம சபையில் அதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.