காதல் கதையில் ஒரு 'ள' செய்யும் வேலை

காதல் கதை எழுத உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலேயே கண்ணும் கண்ணும் மோதிவிட்டால், மீதி நூறு பக்கத்துக்கு என்ன செய்வீர்கள்? முதலில் இரண்டு பேருக்கும் காதலைத் தவிர வேறொரு கவலையைக் கொடுங்கள். அவனுக்குக் கடைச் சீட்டுப் பணம், அவளுக்கு பாளையங்கோட்டையில் பி.எட். பரீட்சை, ஏதோ ஒன்று.

அப்புறம் பேச்சு. நம்ம திருநெல்வேலிப் பேச்சே பாதி வேலையைச் செய்துவிடும். ஆறு மாதமாக "நாளைக்கு வருவியளா?" என்று கேட்டவள், ஒருநாள் ஜங்ஷனில் பஸ் கிளம்பும் அவசரத்தில் "நாளைக்கு வருவியா?" என்கிறாள். மரியாதைக்குப் போட்ட ஒரு 'ள' விழுந்துவிட்டது. அவன் பதில் சொல்லாமல் சில்லறையை எண்ணுகிறான், திரும்பவும் எண்ணுகிறான். அவ்வளவுதான், அங்கே 'இதயம் படபடத்தது' என்று எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

தடைக்கு எப்போதும் அருவாளோடு ஒரு அண்ணனைக் கூட்டி வராதீர்கள், சலித்துப்போச்சு. தாமிரபரணியில் வெள்ளம் ஏறி அவன் டவுனிலும் அவள் பாளையிலும் மாட்டிக்கொண்ட இரண்டு நாள் போதும், போனிலும் சார்ஜ் இல்லை என்றால் இன்னும் நல்லது.

சங்க அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், ஐந்து திணைக்கும் ஒவ்வொரு உரிப்பொருள், அதாவது அதற்கே உரிய காதல் நிலை: குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். கணக்குப் பாருங்கள், சேர்வதற்கு ஒன்றுதான். எனக்குப் பிடித்தது ஊடல். சண்டையில் அவன் எதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறான் என்பதை முதலில் தாளில் குறித்துக்கொண்டு, பிறகு வசனம் எழுதுங்கள்.