அரைப் பேர் போடும் நிரல்: கிளாஸ் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத் தோட்டமொன்றின் கொழுந்துக் கணக்கை இணையப் பக்கத்தில் காட்டும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அட்டவணையில் ஒரு வரி. நாளுக்குரிய நிறை 18 கிலோ. அதற்குக் குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்; அந்த வரியில் 'அரைப்பேர்' என்ற சிஎஸ்எஸ் கிளாஸ் (தோற்றத்தை மாற்ற வரியில் ஒட்டும் பெயர்) ஏறி நிறம் மாற வேண்டும். நிறை எட்டியதும் அது இறங்க வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் பிசகினால், முழுப் பேருக்கு உழைத்தவர் திரையில் அரைப் பேராகத் தெரிவார்.

அதிகம் பிசகுவது டொகிளில், அதாவது ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸை மாற்றிப்போடும் முறையில். கிளாஸ் இல்லாவிட்டால் சேர்க்கும், இருந்தால் நீக்கும். அதற்கு வேறொன்றும் தெரியாது. 'நிறை 18க்குக் குறைந்தால் டொகிள் செய்' என்று எழுதிவிடுகிறார்கள். கொழுந்தோ காலை, பகல், மாலை என நிறுக்கப்படுகிறது. காலையில் 6 கிலோ, கிளாஸ் ஏறுகிறது. பகலில் மொத்தம் 13, இன்னும் குறைவுதான். ஆனால் ஏறிய கிளாஸ் இறங்கிவிடுகிறது. மாலையில் 20; நிபந்தனை பொய் என்பதால் எதுவும் நடக்காது, தற்செயலாக நிறம் சரியாக இருக்கும். சோதனையில் இந்தப் பிழை சிக்காததற்குக் காரணம் இதுதான். பகல் நிறுவை பதியப்படாத நாளில், காலையில் ஏறிய கிளாஸ் 20 கிலோவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நிபந்தனையையே டொகிளின் இரண்டாவது மதிப்பாகக் கொடுங்கள் (கிளாஸ்லிஸ்ட் என்பது அந்த வரியின் கிளாஸ் பட்டியல்):

வரி.கிளாஸ்லிஸ்ட்.டொகிள்('அரைப்பேர்', நிறை < 18)

உண்மையானால் சேர்க்கும், பொய்யானால் நீக்கும். எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றே. ஒப்பீட்டை எழுதாமல் சர்வர் அனுப்பும் மதிப்பை நேரே கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே 'அன்டிஃபைன்ட்' (மதிப்பே இல்லை) வந்தால் டொகிள் பழைய குணத்துக்கே திரும்பிவிடும். 'ஃபால்ஸ்' (பொய்) என்பது எழுத்துச் சரமாக வந்தால், அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

வரியின் கிளாஸ் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே சரமாக வைத்திருக்கும் கிளாஸ்நேமுக்கு நேரே மதிப்பு கொடுக்காதீர்கள். அந்த வரியில் ஏற்கெனவே இருந்த கிளாஸ்கள் எல்லாம் அழிந்துபோகும். கிளாஸ்லிஸ்ட்டின் ஆட் முறைக்கு வெற்றுச் சரமோ, இடைவெளி உள்ள பெயரோ போனால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். பெயருக்கு முன் புள்ளி வைத்தால் பிழையே வராது, புள்ளியோடு ஒரு கிளாஸ் சேர்ந்துவிடும். இதுதான் எரிச்சலூட்டுவது.

மறுநாள் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் பதியும் கூட்டம்) முன் எல்லா வரிகளிலும் கிளாஸை நீக்க வேண்டும். கிளாஸ் பெயரை வைத்து வரிகளைத் தேடும் கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம் தருவது உயிருள்ள பட்டியல். முதல் வரியிலிருந்து கிளாஸை எடுத்த கணமே அந்த வரி பட்டியலிலிருந்து விழும், இரண்டாவது வரி முதலிடத்துக்கு வரும், சுற்றோ அதைத் தாண்டிப் போய்விடும். ஒன்றுவிட்டு ஒன்று நேற்றைய நிறத்தோடே நிற்கும். இன்னொரு தேடல் முறையான குவெரிசெலக்டர்ஆல் தரும் பட்டியல் அப்படிச் சுருங்காது. அதில் ஒவ்வொரு வரியாகச் செல்லும் ஃபோர்ஈச் ஓட்டுங்கள்.

தமிழில் கிளாஸ் பெயர் வைக்க உலாவிகள் தடை சொல்வதில்லை. ஆனால் யூனிகோடில் 'கொ' இரண்டு விதமாகப் பதிவாகலாம்: 'ொ' என்ற ஒரே குறியாக, அல்லது 'ெ', 'ா' என்ற இரண்டு குறிகளாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது; உலாவிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். 'அரைப்பேர்' இதில் தப்பிவிடும், 'கொழுந்து' தப்பாது. ஜாவாஸ்கிரிப்டில் நோர்மலைஸ் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். சிஎஸ்எஸ் கோப்பில் அந்த வசதி இல்லை. கிளாஸ் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, தொழிலாளி படிக்கும் கட்டத்தில் 'அரைப் பேர்' என்று தமிழில் எழுதிக் காட்டுவதையே நான் விரும்புவேன்.