வீட்டுப் போனில் கால் வெயிட்டிங்: பெரியவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த பல வீடுகளில் பெரியவர்களுக்கு இன்னமும் வீட்டுப் போன்தான் கைக்குப் பழகியது. பிள்ளைகள் ஜோகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்வார்கள். இரவில்தான் கூப்பிட நேரம் கிடைக்கும். அத்தையும் பெரியம்மாவும் போனில் ஊர்க்கதை பேசுவதும் அதே நேரத்தில்தான். கால் வெயிட்டிங் இருந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு அழைப்பு வந்தால் காதில் 'பிப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். எதிரில் பேசுபவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அதை எடுக்கலாம்.

முதலில் போனைப் பாருங்கள். நட்சத்திரப் பொத்தானும் # பொத்தானும் வேண்டும். சுழற்றும் பழைய போனில் இது நடக்காது. பொத்தான் இருந்தும் வேலை செய்யவில்லையென்றால், பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும் சின்ன சுவிட்சை 'பல்ஸ்' என்பதிலிருந்து 'டோன்' பக்கம் தள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் இணைப்பில் சேவை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஎம் (டெலிகாம் மலேசியா) லைன் என்றால் 100-க்கு அழைத்துக் கேட்கலாம். கட்டணம் உண்டா, குறியீடு என்ன என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பல நாடுகளில் புழங்கும் பொதுவான குறியீடு இது: போனை எடுத்து, டயல் டோன் கேட்டதும் *43# அழுத்தினால் சேவை இயங்கும். #43# அழுத்தினால் நின்றுவிடும். *#43# அழுத்தினால் இயங்குகிறதா என்று தெரியும்.

இனிமேல்தான் பழக்கம் தேவை.

1. 'பிப்' கேட்டதும் பதற வேண்டாம். "அக்கா, கொஞ்சம் இருங்க, வேற போன் வருது" என்று சொல்லுங்கள். சொல்லாமல் மாறினால் எதிரில் இருப்பவர் லைன் அறுந்தது என்று வைத்துவிடுவார்.

2. 'ஃபிளாஷ்' அல்லது 'ஆர்' என்று எழுதிய பொத்தானை ஒருமுறை தட்டுங்கள். சில இணைப்புகளில் இதுவே போதும். சிலவற்றில் தட்டிய பிறகு 2 அழுத்த வேண்டும்.

3. புதியவரிடம் சுருக்கமாகப் பேசிவிட்டு, அதே பொத்தானை அதே விதமாகத் தட்டினால் பழைய அழைப்புக்குத் திரும்பலாம்.

ஃபிளாஷ் பொத்தான் இல்லாத போனில், ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள கட்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டி விட்டுவிடுங்கள். விரலை அங்கேயே வைத்து அழுத்தினால் போன் வைத்ததாகக் கணக்காகிப் பேச்சு அறுந்துவிடும். வயதானவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பழக்குங்கள்: பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வீட்டுப் போனுக்கு அழைக்கட்டும், பேச்சு நடுவில் நீங்கள் கைத்தொலைபேசியில் அழையுங்கள். "அம்மா, இப்பத் தட்டுங்க" என்று சொல்லிச் சொல்லிச் செய்ய வையுங்கள். கை தானாகப் போகும் வரை விடாதீர்கள்.

சேவையைப் போட்டுவிட்டு, பழக்காமல் விடுவது நல்லதல்ல. கால் வெயிட்டிங் இல்லாத லைனில், பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பவருக்கு எங்கேஜ்டு சத்தம் கேட்கும். சரி, அம்மா யாரிடமோ பேசுகிறார் என்று மகளுக்குத் தெரிந்துவிடும். கால் வெயிட்டிங் இருந்தால் அவள் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். 'பிப்' சத்தத்தை அம்மா கவனிக்காவிட்டால், வீட்டில் போன் எடுக்க ஆளில்லையோ, விழுந்து கிழுந்து விட்டாரோ என்று தூரத்தில் இருக்கும் பிள்ளை துடித்துப்போகும். காது மந்தமானவர்கள் உள்ள வீட்டில் இது உண்மையான கவலை. அப்படிப்பட்ட வீட்டில் #43# போட்டு நிறுத்திவிடுவதே மேல் என்பது என் கருத்து.

கடையில் அதே லைனில் ஃபேக்ஸ் இருந்தால், அனுப்பும் நேரத்தில் நிறுத்தி வையுங்கள். நடுவில் வரும் 'பிப்' தாளைக் கெடுத்துவிடும்.

ஒருவரைக் காக்க வைத்தபடியே மறந்து போனை வைத்துவிட்டால் பெரும்பாலும் மணி திரும்ப அடிக்கும். எடுத்தால் அவரே இருப்பார்.