டார்க் ரெஞ்ச் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் நட்டு, போல்ட்டுகளைக் கணக்கெடுங்கள்

நட்டு, போல்ட்டைச் சரியான முறுக்கு விசையில் (டார்க்) அளந்து இறுக்க உதவும் கருவிதான் டார்க் ரெஞ்ச். வீட்டிலேயே கார், பைக் வேலை பார்க்கத் தொடங்கியவர்கள் டார்க் ரெஞ்ச் என்றதும் "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. எந்த நட்டை இறுக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை இல்லாமல் வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்த ரெஞ்சும் பெட்டியில் சும்மா கிடக்கும். என் காருக்கும் பைக்குக்கும் தேடி வாங்கி, பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். சாக்கெட் மாட்டுவது, ஜாக்கி போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கணக்கெடுங்கள்

மேனுவலைத் திறந்து, நீங்களே செய்யப்போகும் வேலைகளுக்கான டார்க் அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். சிறிய கார்களின் வீல் நட்டுகள் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். டொயோட்டா கார்கள் பலவற்றில் 103. எஞ்சினின் அலுமினிய ஹெட்டில் புது வாஷரோடு போடும் 14 மி.மீ. ஸ்பார்க் பிளக்குக்கு 25 முதல் 30. பைக் எஞ்சின் கவரைப் பிடித்திருக்கும் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10, 12 போதும். உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை.

அலகையும் பாருங்கள். சில மேனுவல்களில் கிலோகிராம்-விசை மீட்டரில் இருக்கும்; 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். அடி-பவுண்டு என்றால் 1.36-ஆல் பெருக்க வேண்டும். அங்குல-பவுண்டு வேறு, அடி-பவுண்டு வேறு. இரண்டுக்கும் நடுவே 12 மடங்கு வித்தியாசம்.

படி 2: வீச்சு (இங்கே அவசரப்படாதீர்கள்)

கடையில் அதிகம் கிடைப்பது அரை இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை), 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை அளவுள்ள கிளிக் ரெஞ்ச், அதாவது வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் தருவது. வீல் நட்டுக்கு அருமையானது. "28-இல் தொடங்குகிறதே, 30-க்கு இறுக்கும் பிளக்கையும் இதிலேயே முடித்துவிடலாம்" என்று தோன்றும். வேண்டாம்.

இவ்வகை ரெஞ்ச்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 6789. வழக்கமாக ஒரு ரெஞ்சைச் சோதிப்பது அதன் அதிகபட்ச அளவின் 20, 60, 100 சதவீதங்களில். 210-க்கு 20 சதவீதம் என்றால் 42. அதற்குக் கீழே கோடு போட்டிருந்தாலும், அங்கே அதை நம்ப நான் தயாரில்லை. போதாததற்கு, அடிமட்ட அளவுகளில் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருப்பதால் கிளிக் மிக மெல்லியதாக இருக்கும். சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுப்பீர்கள். அலுமினிய ஹெட்டில் மரை போவது அப்படித்தான். போன மரையைச் சரிசெய்யும் செலவில் இரண்டாவது ரெஞ்சே வாங்கிவிடலாம்.

இன்னொரு நுணுக்கம். பெட்டியில் "±4 சதவீதம்" என்று இருந்தால், எதில் 4 சதவீதம் என்று பாருங்கள். நாம் வைக்கும் அளவில் என்றால் நல்லது: 42-இல் பிழை 1.7-ஐத் தாண்டாது. அதிகபட்ச அளவில் என்றால் 210-இல் 4 சதவீதம், அதாவது 8.4. அதே 8.4 பிழை 42-இலும் வரலாம். அது அங்கே 20 சதவீதம்!

ஆகவே என் பரிந்துரை இரண்டு ரெஞ்ச்: வீல், சஸ்பென்ஷன் வேலைகளுக்கு அரை இஞ்ச், பிளக், ட்ரெயின் போல்ட் (எஞ்சின் ஆயிலை வடிக்கக் கழற்றுவது), பைக் வேலைகளுக்கு அதிகபட்சம் 50 அல்லது 60 வரை போகும் சிறியது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சிறியதை முதலில் வாங்குங்கள். சின்ன போல்ட்டில்தான் கை அதிகம் ஏமாறும்.

படி 3: எந்த வகை?

முள் காட்டும் பீம் வகை எளிமையானது, விலை குறைவு. முள் சுழியத்தில் நின்றால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் நேருக்கு நேர் பார்த்துப் படிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு முடியாது. டிஜிட்டலில் பேட்டரித் தொல்லை உண்டு. ஹெட் போல்ட் போல, டார்க் வைத்த பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்லும் வேலைகளுக்குக் கோணம் காட்டும் டிஜிட்டல் கைகொடுக்கும். மற்றபடி தொடக்கக்காரர்களுக்கு கிளிக் வகையே போதும்.

நார்பார், ஸ்டால்வில்லே, டோனிச்சி போன்ற பிராண்டுகள் எல்லாம் தினமும் பயன்படுத்தும் பட்டறைகளுக்கான தரம். வருடத்தில் சில தடவை வீல் கழற்றுபவருக்கு நடுத்தர விலையில் ஒன்று போதும். ஒரே நிபந்தனை: கேலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ் வேண்டும், அதிலுள்ள வரிசை எண்ணும் ரெஞ்சில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி அச்சடித்த தாள் சான்றிதழ் ஆகாது. கடையிலேயே கைப்பிடியைத் திருப்பி, லாக் போட்டு, எடுத்துப் பாருங்கள். லாக் போட்ட பிறகும் கைப்பிடி நகர்ந்தால் வாங்காதீர்கள்.

படி 4: அளவு வைப்பது

தண்டில் ஒரு அளவுகோல், சுழலும் கைப்பிடியில் ஒரு அளவுகோல். இரண்டையும் கூட்ட வேண்டும். கைப்பிடி ஒரு முழுச் சுற்று சுற்றினால் எவ்வளவு ஏறுகிறது என்பது ரெஞ்சுக்கு ரெஞ்ச் மாறும். 28-210 ரெஞ்ச்களில் 28, 42, 56 என்று 14 வீதம் ஏறுவதைப் பார்க்கலாம். 103 வேண்டும் என்றால், கைப்பிடியின் மேல் விளிம்பு 98 கோட்டைத் தொட, சுழியம் நடுக்கோட்டில் நிற்கட்டும். பிறகு கைப்பிடியில் 5 வரும்வரை திருப்புங்கள். 98-உம் 5-உம் 103. லாக் போடுங்கள்.

இறுக்கும்போது கைப்பிடியின் நடுவில் பிடித்து, ஒரே சீராக இழுங்கள். முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு தடவை இழுத்தால் அளவு கூடும். நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தவே கூடாது. அதற்கு வீல் ஸ்பேனர் இருக்கிறது. வேலை முடிந்ததும் அளவுகோலின் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே தளர்த்தாதீர்கள்.

படி 5: வீட்டில் ஒரு சோதனை

வைஸில் ஒரு போல்ட்டைப் படுக்கை வாட்டில் பிடித்து, சாக்கெட்டோடு ரெஞ்சை அதில் கிடையாக மாட்டுங்கள். அளவு 56-இல் இருக்கட்டும். சாக்கெட் நடுவிலிருந்து கைப்பிடி நடு வரை 40 செ.மீ. என்றால், அங்கே கயிற்றில் ஒரு வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கிளிக் விழுந்ததும் நிறுத்தி, வாளியோடு எடை போடுங்கள். ரெஞ்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேர்வதால் சுமார் 13.5 கிலோவில் விழ வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் தள்ளிப்போனால் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புங்கள். இந்தியாவில் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பொதுவாக 12 மாதம் அல்லது 5000 முறை, எது முதலில் வருகிறதோ அப்போது கேலிபிரேஷன் செய்யச் சொல்வார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவை

மரையில் எண்ணெய் தடவலாமா என்று பலர் கேட்டார்கள். மேனுவல் சொல்லாத இடத்தில் வேண்டாம். நாம் கொடுக்கும் டார்க்கில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது. சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் உராய்வைக் குறைத்தால் அதே கிளிக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

நேரான எக்ஸ்டென்ஷன் ராடு போட்டால் அளவு மாறாது. ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும் குரோஃபுட் (ரெஞ்சின் முனையில் மாட்டும் ஸ்பேனர் தலை) மாட்டினால் மாறும்; அதை ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டினால் மாற்றம் இராது.

பஞ்சர் கடையில் ஏர் கன்னில் இறுக்கிய நட்டை வீட்டில் ரெஞ்ச் வைத்துப் பார்த்தால் உடனே கிளிக் விழும். அது 103-இல் இருக்கிறதா, 200-இல் இருக்கிறதா என்று அந்தக் கிளிக் சொல்லாது. வீல் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, எதிரெதிர் வரிசையில் மறுபடி இறுக்குங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.