நீர்மேல் ஒரு வளையம்: கீழே இருப்பது எது என்று கண்டுபிடிக்கும் முறை

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே கிடக்கும் பாக் விரிகுடாவை மீனவர்கள் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். வாடை அடிக்கும் மாதங்களில் பெண் கடலும் கலங்கும். ஆனால் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், தொண்டி, தேவிபட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் கரையோர நீர் விடியற்காலையில் குளம் மாதிரி கிடக்கும். நீரின் மேல் விழும் ஒவ்வொரு கோட்டையும் படித்துப் பழக அதைவிட நல்ல நேரம் கிடையாது.

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சலனம் எவ்வளவு பெரியது என்று பார்த்து ஏமாறுகிறார்கள். ஒரு முழம் மடவை மீன் குதித்து விழும்போது எழும்பும் வளையம், மூன்று மீட்டர் ஆவுளியா (கடல் பசு) மூச்சு விட்டுப் போகும் வளையத்தைவிடப் பெரிது. அதனால் அளவைக் கடைசியில் பாருங்கள். முதல் கேள்வி: அது மூச்சு விட வந்ததா, வேறு வேலையாக வந்ததா? இதற்குக் கண்ணைவிடக் கைக்கடிகாரம்தான் உதவும்.

நிற்கும் இடமும் வெயிலும்

படகுத்துறை, பாலம், மேடான கரை என்று நீர்மட்டத்திலிருந்து நான்கைந்து மீட்டர் உயரம் கிடைத்தால் போதும். சலனத்தைப் பிடிக்க வேண்டுமானால் தாழ்ந்த வெயில் நல்லது. சிறு நெளிவுக்குக்கூட நிழல் விழும். நீருக்குள்ளே பார்க்க வேண்டுமானால் நேர் எதிர்: வெயில் ஏறி, உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளிக் கூச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடி போட்டிருக்க வேண்டும். அந்தக் கண்ணாடி எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. கிடைமட்டத்திலிருந்து 35 முதல் 40 பாகை கீழ்நோக்கிப் பார்க்கும்போதுதான் கூச்சம் முழுதாக விலகும். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதனால் பயன் குறைவு. தொலைநோக்கி 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமே அலையாகத் தெரியும்.

வளையமா, அம்புமுனையா

ஒரே புள்ளியில் நீர் அசைந்தால் வளையம். ஒரு பொருள் நகர்ந்துகொண்டே போனால் அம்புமுனை போன்ற தடம். அந்த முனை போகும் திசையைக் காட்டும். இதில் ஒரு கணக்கு உண்டு: நீர்ப்பரப்பில் எந்த அலையும் நொடிக்கு 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் ஓடாது. அதைவிட மெதுவாக நகரும் உயிர் அம்புத் தடம் போடவே போடாது. எனவே மிதந்தபடி நகரும் ஆமை, சொறி (ஜெல்லிமீன்), சோம்பிக் கிடக்கும் கடல் பாம்பு ஆகியவற்றைத் தடத்தை வைத்துத் தேடாதீர்கள், உடலையே தேடுங்கள். தடம் தெரிந்து மேலே ஒன்றும் தெரியவில்லை என்றால், உடல் பரப்புக்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது.

வரிசையாக மூன்று நான்கு வளையங்கள் தெரிந்தால் இப்படிப் படியுங்கள்: அகன்ற வளையம் பழையது, சிறியது புதியது. அகன்றதிலிருந்து சிறியதை நோக்கி ஒரு கோடு இழுத்தால் போன திசை கிடைத்துவிடும். மடவையை இப்படித்தான் பிடிக்கலாம். முழு உடம்பும் நீரை விட்டு எழும்பி, பக்கவாட்டில் ‘தப்’ என்று விழும். இரண்டு மூன்று முறை, ஏறக்குறைய நேர்கோட்டில். அதே மடவை கூட்டமாக நின்று நுரைப்படலத்தை உறிஞ்சும்போது மெல்லிய புடைப்புகள் மட்டும் தெரியும், சத்தம் இருக்காது.

மழை பெய்வது போல ஒரு திட்டு

சுற்றிலும் கண்ணாடி, நடுவில் மட்டும் தூறல் விழுவது போல நடுங்கும் திட்டு. சூடையோ சாளையோ நெத்திலியோ கூடியிருக்கும். பலர் தவறுவது இங்கேதான், ஏனென்றால் சிறு காற்று விழுந்தாலும் இதே போலத் தெரியும். வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. காற்றுத் திட்டுக்கு விளிம்பு கரைந்திருக்கும், காற்றடிக்கும் திசையிலேயே நகரும், சற்று நேரத்தில் பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். மீன் திட்டுக்கு விளிம்பு தெளிவாக இருக்கும்; காற்றுக்கு எதிராகவும் திரும்பும். ஆலாப் பறவையின் நிழல் மேலே கடந்தால் திட்டு முழுவதும் ஒரு நொடி பளிச்சென்று மின்னி, ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தோடு அமுங்கிவிடும். காற்றுத் திட்டு நிழலுக்குப் பயப்படாது.

சிறுமீன்கள் விசிறி போல ஒரே பக்கம் தெறித்தால் துரத்துவது பாரை, கட்டா, ஊளி போன்ற ஏதோ ஒன்று. தெறித்த இடத்துக்குப் பின்னால் பாருங்கள்: கொதிநீர் போல உள்ளிருந்து பொங்கி வழவழப்பாக விரியும் ஒரு வட்டம், வேட்டைமீன் வாலைத் திருப்பிய இடம். இனத்தை அந்த வட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மூச்சுக்கு வருபவை

ஒரு முறை மேலே வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள். பார்த்த இடத்தைக் கண்ணை எடுக்காமல் ஒரு மிதவையோடோ வள்ளத்தோடோ சேர்த்து மனதில் வையுங்கள். தூர அளவும் அப்போதுதான் பிடிபடும்.

ஓங்கில் (டால்பின்) கூட்டமாக வரும், முதுகுத் துடுப்பு தெரியும், அரை நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறை புரளும். முதுகுத் துடுப்பே இல்லாமல், சாம்பல் நிற முதுகு மட்டும் வேகமாகப் புரண்டு மறைந்தால் துடுப்பில்லாக் கடற்பன்றியாக இருக்கலாம்.

ஆமை தலையைத் தூக்கும். பேராமையோ பங்குனி ஆமையோ, ஒரு முஷ்டி அளவு தலை நீருக்கு மேலே நின்று, பலமாக ஒரு மூச்சு விட்டு இறங்கும். கரைக்கு அருகே இருந்தால் அந்த மூச்சு காதில் விழும். பிறகு வெகுநேரம் வராமலே இருக்கலாம்.

ஆவுளியா இவை எல்லாவற்றிலும் அடக்கமானது. முகத்தின் நுனியில் மேல்பக்கமாக இருக்கும் இரண்டு நாசித் துளைகள் மட்டும் நீரைத் தொட்டு, மூடி போலத் திறந்து, ஓரிரு நொடியில் மூடிக்கொள்ளும். தலை எழும்பாது. பிறகு பழுப்பு முதுகு உருண்டை வடிவில் லேசாகத் தெரியும், துடுப்பு இருக்காது. அது போன இடத்தில் வழவழப்பான நீள்வட்டத் திட்டு சற்று நேரம் நிற்கும். மேய்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் சில நிமிடத்துக்குள் அருகிலேயே மறுபடி வரும். இடைப்பட்ட நேரத்தில் நீரின் நிறத்தைக் கவனியுங்கள்: அடியில் கடல் புல்லை வேரோடு பிடுங்குவதால் சேறு புகை போல எழும்பும், அறுந்த இலைகள் மிதக்கும். நீர் வற்றிய வேளையில் புல்வெளியில் வளைந்து வளைந்து போகும் வெறுந்தரைக் கோடுகள் அது மேய்ந்த தடம். திருக்கை தோண்டினால் கோடு இருக்காது, வட்டக் குழிதான் இருக்கும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடல், 2022-இல் ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா, கடலாமை, ஓங்கில் எல்லாம் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. சந்தேகம் வந்தாலே இயந்திரத்தை நிறுத்துங்கள், நெருங்கிப் போய்ச் சோதிக்க வேண்டாம். ஆழமில்லாத புல்வெளியில் விசைப்படகின் சுழலி பட்டு ஆவுளியா சாவது நிஜமாக நடக்கிற கொடுமை.

இரண்டு முக்கோணங்கள்

ஆழமில்லா நீரில் இரண்டு கூர்முனைகள் தெரிந்ததும் ‘இரண்டு சுறா’ என்று கத்துபவர்கள் அதிகம். போகும் திசைக்கு முனைகள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வந்தால் சுறா. முன்னது முதுகுத் துடுப்பு, பின்னது பக்கவாட்டில் ஆடும் வால்நுனி. இரண்டும் பக்கம் பக்கமாக எழும்பி மறைந்தால் திருக்கையின் இறக்கை நுனிகள். திருக்கை இருக்கும் இடத்தில் இறங்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடங்கள். அதிர்வு தெரிந்தால் அது விலகிப் போகும், மிதித்தால்தான் வால்முள் பாயும்.

உயிர் எதுவும் இல்லாத சலனங்களும் உண்டு. ஒரே புள்ளியில் இருந்து சரம் சரமாக வரும் குமிழி, நீரேற்றத்தில் வளைகளிலிருந்து வெளியேறும் காற்றாக இருக்கலாம். நடுப்பகலில் கடல் புல் விடும் காற்றும் அப்படித்தான். இடம் மாறாத நெளிவு, நீரோட்டம் மணல்திட்டில் ஏறுவது.

இரவில் டார்ச் அடித்தால் இறால் கண்கள் ஆரஞ்சுத் தணல் போல மின்னும். ஊசி போல மேற்பரப்பை ஒட்டி ஓடுவது முரல் மீன். வெளிச்சத்தைக் கண்டால் அது நீரை விட்டுப் பாயும், அதன் கூர்முகம் ஆளைக் குத்திக் காயப்படுத்தியிருக்கிறது. விளக்கை முகத்துக்கு நேரே வைக்காமல் கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள்.